குராசோவில் கப்பல் நிற்கும் ஒரு பகல்: வில்லெம்ஸ்டாட் நகரை நடந்தே பார்ப்பது எப்படி

கரீபியன் கப்பல் பயணத்தில் முதன்முறையாகக் குராசோ தீவில் இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடவுச்சீட்டு, விசா, கப்பலின் அடையாள அட்டை ஆகியவற்றை ஏற்கெனவே கவனித்திருப்பீர்கள் என்பதால் நேராகக் கரைக்கு வந்துவிடுவோம். கப்பலில் விற்கும் பேருந்துச் சுற்றுலா இந்தத் தீவுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து; யுனெஸ்கோ 1997-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த தலைநகர் வில்லெம்ஸ்டாட்டின் பழைய பகுதி துறையிலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இருக்கிறது.

படி 1: கடிகாரத்தைச் சரிபார்த்தல்

குராசோ ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. புளோரிடாவிலிருந்து புறப்பட்ட கப்பல் குளிர்காலத்தில் அவ்வூர் நேரத்தையே வைத்துக்கொண்டால், கரையின் கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். செல்பேசியோ தானாகவே கரை நேரத்துக்கு மாறிவிடும். அதை நம்பினால் இங்கே ஒரு மணி நேரம் முன்னதாகத் திரும்பிவிடுவீர்கள், அவ்வளவுதான். அதே பழக்கத்தைக் கோடைகாலத்தில் ஜமைக்காவில் தொடர்ந்தால், அங்கே கரை நேரம் பின்தங்கியிருப்பதால், கப்பலே போய்விடக்கூடும். ஆகவே கப்பல் நேரம் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். இணையமின்றி இயங்கும் வரைபடச் செயலிகளில் ஆர்கானிக் மேப்ஸ் எனக்குப் பிடித்தது. தீவின் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிவிட்டு, கடலில் இருக்கும்வரை செல்பேசியை விமானப் பயன்முறையிலேயே வைத்திருங்கள்.

படி 2: பாலத்தைக் கடத்தல்

பெரிய கப்பல்கள் மெகா பியர் துறையில் நிற்கும். அங்கிருந்து ரிஃப் கோட்டை வழியாக நடந்தால் ஓட்ரோபண்டா பகுதியின் கரையும் ராணி எம்மா பாலமும் வந்துவிடும். எதிர்க்கரையில் வண்ண வண்ணமாகத் தெரியும் வீடுகள் புண்டா பகுதியைச் சேர்ந்தவை. 1888-இல் முதன்முதலாக அமைக்கப்பட்ட இந்தப் பாலம் மிதவைகளின்மேல் நிற்கிறது. ஒரு முனை கீலில் பொருத்தப்பட்டிருக்க, மறுமுனையில் உள்ள எஞ்சின்கள் பாலம் முழுவதையும் ஒரு கதவைப் போலப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கின்றன. துறைமுகத்துக்குள் எந்தக் கப்பல் வந்தாலும் போனாலும் இது நடக்கும். அதற்குக் குறித்த நேரம் கிடையாது.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். மணி ஒலித்ததும் பாலத்தில் பறக்கும் கொடியின் நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சு நிறமென்றால், திறக்கும் பாலம் சிறிது நேரத்தில் மீண்டும் மூடி நடக்க வழிவிடும். கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம், ஏற்கெனவே பாலத்தின்மேல் இருந்தால் அங்கேயே நின்று அதனுடன் நகர்ந்து வரலாம். நீல நிறமென்றால் அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம் என்று பொருள். அப்போது காத்திருக்க வேண்டாம். பாலம் திறந்திருக்கும் நேரத்தில் இரு கரைகளுக்கும் இடையே கட்டணமில்லாத படகு ஓடும். பாலம் மூடியதும் அது நின்றுவிடும். அதன் படகுத்துறை பாலத்தை ஒட்டி இராமல் சற்றுத் தள்ளியிருப்பதால், போகும்போதே அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் இப்பாலத்தில் செருப்பணிந்து நடந்தவர்களிடம் மட்டும் சுங்கம் வாங்கினார்கள். வெறுங்காலுடன் போனால் கட்டணமில்லை. ஏழைகளுக்கு உதவ வந்த விதி என்றாலும், ஏழைகள் மானம் கருதி இரவல் செருப்பு அணிந்து காசு கொடுத்தே கடந்தார்கள் என்றொரு கதையை ஊரில் இன்றும் சொல்வார்கள்.

படி 3: முதலில் புண்டா, பிறகு ஓட்ரோபண்டா

இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பாலத்துக்கு அப்பால் பார்க்க வேண்டியவற்றைக் காலையிலேயே முடித்துவிட்டால், பிற்பகலில் கப்பல் நிற்கும் பக்கத்திலேயே இருப்பீர்கள். அதன்பிறகு பாலம் எத்தனை முறை திறந்தாலும் கவலையில்லை.

புண்டாவில் 1732-இல் திறக்கப்பட்ட மிக்வே இஸ்ரேல்-இம்மானுவேல் யூதத் தொழுகைக்கூடத்தைத் தவறவிடாதீர்கள். அதன் தரை முழுவதும் மணல் பரப்பப்பட்டுள்ளது. ஆம்ஸ்டர்டாம் கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தின் சுவரில் 1804-இல் ஆங்கிலேயர் சுட்ட பீரங்கிக் குண்டு இன்னும் பதிந்திருக்கிறது. பகலுணவுக்குப் பிளாசா பியூ என்னும் பழைய சந்தைக் கூடம் போதும். ஆட்டிறைச்சிக் குழம்புடன் தரும் ஃபுஞ்சி என்பது நம் களியைப் போன்ற மக்காச்சோள உணவு; சைவர்கள் அதையும் பொரித்த வாழைப்பழத்தையும் கேட்டு வாங்கலாம்.

திரும்பி வந்ததும் ஓட்ரோபண்டாவில் உள்ள குரா ஹுலாண்டா அருங்காட்சியகத்துக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் வரலாற்றை அது சொல்கிறது. 1795-இல் துலா என்பவர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த தீவு இது. இங்கே அடிமைமுறை ஒழிந்ததோ 1863-இல்தான். கடைத்தெரு நினைவுப் பொருட்களைவிட இதற்கே நேரம் தகும்.

மேற்குக் கோடியில் இருக்கும் கெனேபா கடற்கரைக்குப் போய்வர ஆசைப்பட்டால் நகரத்தை விட்டுவிட வேண்டியதுதான். ஒரே பகலில் இரண்டையும் பார்க்க முயன்றால் இரண்டுமே அரைகுறையாகும்.

பிற்சேர்க்கை: பணம் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். 2025 மார்ச் 31 முதல் தீவில் கரீபியன் கில்டர் என்னும் நாணயம் புழக்கத்தில் உள்ளது. ஒரு அமெரிக்க டாலருக்கு 1.79 கில்டர். டாலரையே வாங்கிக்கொள்வார்கள், ஆனால் மீதிச் சில்லறை கில்டராக வரக்கூடும் என்பதால் சிறிய தாள்களைக் கொண்டு போங்கள். டாக்சியில் மீட்டர் இருக்காது. ஏறுமுன் கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள்.

மற்றொன்று: சனிக்கிழமை இறங்கிய வாசகர் ஒருவர் தொழுகைக்கூடம் மூடியிருந்ததாக எழுதியிருந்தார். அது யூதர்களின் ஓய்வுநாள். அன்று உங்கள் கப்பல் வருவதாக இருந்தால் அந்த நேரத்தையும் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடலாம்.