முதலில் படகைக் கட்டுங்கள், அப்புறம் காசைக் கட்டுங்கள்: டென்மார்க் துறைகளில் ஓர் இரவு

கடந்த கோடையில் நண்பரின் 31 அடிப் பாய்மரப் படகில் ஆர்ஹுஸ் நகரிலிருந்து கிளம்பி துனோ, சாம்சோ தீவுகள், எபெல்டொஃப்ட் ஊர் என்று பத்து நாள் சுற்றி வந்தோம். பாயும் சுக்கானும் பிரச்சினையாக இல்லை. ஆனால் பழக்கமில்லாத படகுத்துறையில் இரவு எங்கே நிறுத்துவது, யாரிடம் பணம் கொடுப்பது என்று சொல்லித்தர ஆளில்லை. முதல் மூன்று நாள் அந்தக் கவலையிலேயே போனது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். படகோட்டத் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது. கயிறு போடும் பாடம் இதில் இல்லை.

1. நீளத்தை மீட்டரில் குறித்து வையுங்கள்

கட்டணம் பெரும்பாலும் படகின் நீளத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் வரை ஒரு விலை, 12 மீட்டர் வரை இன்னொரு விலை என்று படிப்படியாக ஏறும். 31 அடி என்றால் 9.45 மீட்டர். முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரத்தையும் பின்னால் தொங்கும் ஏணியையும் சேர்த்தால் 10 மீட்டரைத் தாண்டிவிடலாம். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது துறைக்குத் துறை மாறும். அங்குள்ள விலைப் பலகையைப் படித்துவிடுங்கள். அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மரக்கம்பங்களுக்கு நடுவே நுழைந்துதான் நிறுத்த வேண்டும், பின்கயிறுகள் அந்தக் கம்பங்களுக்குத்தான் போகும். இரட்டை உடல் படகு என்றால் பல இடங்களில் கூடுதல் கட்டணம்.

எங்களுக்கு ஓர் இரவுக்கு 170 முதல் 240 குரோனர் (டென்மார்க் பணம்) வரை ஆனது. ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 7.46 குரோனர் என்று விகிதம் ஆடாமல் நிற்பதால் கணக்குப் போடுவது எளிது: 23 முதல் 32 யூரோ. 25 சதவீத வரி பலகையில் உள்ள விலைக்குள்ளேயே அடக்கம்.

2. பச்சைப் பலகையைக் கிட்டப்போய்ப் படியுங்கள்

நாங்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

துறையில் படகு நிறுத்தும் ஒவ்வோர் இடத்துக்கும் ஆண்டுச் சந்தா கட்டிய சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். அவர் பயணம் போகும்போது தன் இடத்திலுள்ள பலகையைப் பச்சைக்குத் திருப்பிவிட்டுப் போவார். பச்சை என்றால் விருந்தினர் நிறுத்தலாம். சிவப்பு என்றால், தண்ணீர் காலியாகக் கிடந்தாலும் நிறுத்தக்கூடாது. அவர் மாலையில் திரும்பி வருவார்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஒரு துறையில் பச்சையைப் பார்த்ததும் உள்ளே போய்க் கட்டினோம், பணமும் செலுத்தினோம், சமைக்க ஆரம்பித்தோம். இரவு ஒன்பதரைக்கு வெளியே ஒரு படகு வந்து நின்றது. முகப்பில் இரண்டு குழந்தைகள் மிதவை அங்கியோடு தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். அது அவர்கள் இடம். பச்சைப் பலகையின் அடியில் பேனாவால் “14/7” என்று எழுதியிருந்தது. அவர் கிளம்பிய தேதி அது என்று நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் அது அவர் திரும்பும் தேதி, அன்றைக்குத்தான் ஜூலை 14. அந்தக் குழந்தைகளைக் காக்க வைத்தது இன்னும் மனதை உறுத்துகிறது.

ஆக, பலகையில் தேதி இருந்தால் அதற்கு முந்தின இரவு வரைதான் உங்களுக்கு. டேனிஷில் “லெடி டில்” என்று தொடங்கினால் “இந்தத் தேதி வரை காலி” என்று பொருள். கட்டிய பணம் வீணாகாது. அது துறையில் தங்குவதற்கான கட்டணம், குறிப்பிட்ட இடத்துக்கானது அல்ல. நாங்கள் வெளிச்சுவரை ஒட்டி நின்ற ஒரு ஜெர்மன் படகிடம் அனுமதி கேட்டு, அதன் பக்கவாட்டில் கட்டிக்கொண்டோம். மறுபடி ஒரு காசும் கொடுக்கவில்லை.

ஜூலையில் மதியம் இரண்டு மணிக்குள் துறையை அடைந்துவிடுங்கள். துனோ மாதிரி சின்னத் தீவில் அதற்குப் பிறகு படகோடு படகு ஒட்டித்தான் நிற்க வேண்டியிருக்கும்.

3. பணம்

துறை அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் இயந்திரம் இருக்கும். நீளம், இரவுகள், அட்டை, அவ்வளவுதான். வெளியே வரும் சீட்டை முகப்புக் கம்பியில் கரையிலிருந்து தெரியும்படி மாட்டுங்கள். மாலையிலோ காலையிலோ ஒருவர் வந்து பார்த்துக்கொண்டு போவார்.

எனக்கு இயந்திரத்தைவிட, கைபேசியிலேயே பணம் கட்டும் ஹார்பா செயலி பிடித்திருக்கிறது. மழையில் வரிசையில் நிற்க வேண்டாம். ஆனால் எல்லாத் துறைகளும் அதில் இல்லை. துறையின் ஆழத்தையும் நுழைவாயிலையும் பார்க்க டேனிஷ் ஹவ்னலோட்ஸ் இணையக் கையேடுதான் என் தேர்வு. இலவசம், வரைபடமும் தெளிவு.

4. மின்சாரம், குளியல்

சில இடங்களில் கட்டணத்துக்குள் வரும், சில இடங்களில் தனி. தனி என்றால் பெரும்பாலும் டாலிகீ என்ற அட்டையில் முன்பணம் ஏற்ற வேண்டும். மிச்சத்தை இயந்திரமே திருப்பித் தரும், கிளம்பும் முன் மறக்காமல் வாங்கிவிடுங்கள். நீல நிற 16 ஆம்பியர் பிளக் வைத்திருங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், அவருடைய டேனிஷ் நண்பர் பல துறைகளில் பணமே கட்டுவதில்லையே, எப்படி என்று கேட்டார். சில துறைகள் தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில் சொந்த இடம் இருப்பவருக்கு மற்றவற்றில் சில இரவுகள் இலவசம். அதற்கான ஒட்டுவில்லை படகில் இருக்கும். வெளியிலிருந்து வரும் நமக்கு அது பொருந்தாது.

இன்னொருவர், துறைக்கு வெளியே படகைக் கட்டிக்கொள்ளப் போட்டிருக்கும் மஞ்சள் மிதவைகளைப் பற்றிக் கேட்டார். அவை படகோட்டிகள் சங்கங்கள் போட்டவை, உறுப்பினர்களுக்கு உரியவை. இரவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஒதுக்கமான விரிகுடாவில் நங்கூரம் போடலாம். இங்கே ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, மிகக் குறைவு, காற்றின் திசையைப் பார்த்து இடம் தேர்ந்தெடுத்தால் நிம்மதியாகத் தூங்கலாம். சாம்சோவின் வடக்குப் பக்கம் நாங்கள் அப்படி இரண்டு இரவு கழித்தோம். மூன்றாம் நாள் குடிதண்ணீர் தீர்ந்ததும்தான் துறைக்குள் வந்தோம்.