வேலை செய்யாத சர்க்யூட்டில் எங்கிருந்து அளக்கத் தொடங்குவது?

சர்க்யூட் ஓடவில்லை என்றதும் பலருக்கும் கை ஐசியை (சிப்பை) மாற்றத்தான் போகிறது. பெரும்பாலும் ஐசி நன்றாகவே இருக்கும்; அதற்கு மின்சாரம் போய்ச் சேர்ந்திருக்காது, இல்லையென்றால் கிரவுண்ட் (சப்ளையின் மைனஸோடு சேரும் இணைப்பு) எங்கோ விட்டுப்போயிருக்கும். ஒரு பாகத்தையும் பிடுங்காமல் நாலைந்து இடங்களில் வோல்ட்டேஜ் பார்த்தாலே கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் பேட்டரி, அடாப்டரில் ஓடும் 24 வோல்ட்டுக்கு உட்பட்ட சர்க்யூட்டுகளுக்கு மட்டும். அடாப்டரைப் பிரித்து உள்ளே அளக்க வேண்டாம். அதிலுள்ள பெரிய கெபாசிட்டரில், பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆபத்தான வோல்ட்டேஜ் தங்கியிருக்கலாம்.

மேசை

மேல்பரப்பு மரமாகவோ லேமினேட்டாகவோ இருக்கட்டும். உலோகம் வேண்டாம், போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள் அதில் பட்டு ஷார்ட் ஆகும். மேசையின் மொத்த மின்சாரமும் ஒரே சுவிட்சில் அணையும்படி வையுங்கள். சால்டரிங் அயர்ன் அணைந்ததா என்ற சந்தேகமும் அதோடு போய்விடும்.

கருவிகளில் முதல் செலவு ஒரு நல்ல மல்டிமீட்டருக்கு. அடுத்தது கரண்ட் லிமிட் (கரண்ட் ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் வசதி) உள்ள பவர் சப்ளை, அதற்கடுத்து வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் அயர்ன். ஆசிலோஸ்கோப் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், ஆரம்பத்தில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் மீட்டரிலேயே பிடிபடும். ரெசிஸ்டரில் எல்லா மதிப்பும் தேவையில்லை: 100, 330, 470 ஓம், 1கே (கிலோஓம்), 4.7கே, 10கே, 47கே, 100கே, 1 மெகாஓம் ஆகியவற்றில் பத்து பத்து இருந்தால் நெடுநாள் ஓடும். 100 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் மட்டும் நிறைய வேண்டும். அதன் மேல் 104 என்று அச்சிட்டிருக்கும்.

முதலில் பவர்

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். சிவப்பு வயர் வோல்ட் குழியில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். 10 ஆம்பியர் குழியில் செருகியபடி வோல்ட்டேஜ் பார்க்கப்போனால் மீட்டரே சப்ளையை ஷார்ட் செய்துவிடும்.

கருப்பு முனையை சப்ளையின் மைனஸில் வைத்து, சிவப்பு முனையால் ஐசியின் பவர் பின்னைத் தொடுங்கள். பிரெட்போர்டின் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் போர்டின்) துளையை அல்ல, ஐசியின் காலையே தொட வேண்டும். துளையில் 5 வோல்ட் இருந்தும் காலில் வராமல் போகலாம். கருப்பை அப்படியே விட்டு, சிவப்பை ஐசியின் கிரவுண்ட் காலுக்கு நகர்த்துங்கள். கிட்டத்தட்ட சுழியம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் கிரவுண்ட் வயரில் தொடர்பு மோசம். சப்ளை அளவுக்கே காட்டினால் கிரவுண்ட் இணையவே இல்லை. இந்த இரண்டாவது அளவை எடுப்பவர்கள் குறைவு. விடை கிடைப்பதோ அங்கேதான் அதிகம்.

நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் ஓரத்துப் பவர் வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். அச்சிட்ட சிவப்புக் கோடு நடுவில் விட்டுப்போயிருந்தால் அங்கே ஒரு ஜம்பர் வயர் போட வேண்டும். இரண்டு சப்ளைகள் இருந்தால் அவற்றின் மைனஸ்கள் ஒன்றாக இணைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றி அளந்து பயனில்லை. சின்ன 9 வோல்ட் பேட்டரி தனியாக 9 காட்டும், மோட்டாரை ஓட்டச் சொன்னால் 6-க்கு இறங்கிவிடும். 5 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் 7805 ரெகுலேட்டருக்கு உள்ளே வருவது குறைந்தது 7 வோல்ட்டாக இருக்க வேண்டும். 12 வோல்ட் கொடுத்து அரை ஆம்பியர் எடுத்தால் அதில் 3.5 வாட் வெப்பமாகிறது. ஹீட்சிங்க் இல்லாத 7805-க்கு ஒரு வாட்டே சுமார் 65 டிகிரி சூடேற்றப் போதும். சற்று நேரம் ஓடி, நின்று, ஆறியதும் தானாக ஓடும் சர்க்யூட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

புது சர்க்யூட்டுக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது கரண்ட் லிமிட்டை 50 முதல் 100 மில்லிஆம்பியரில் வையுங்கள். அந்த வசதி இல்லையா? 5 வோல்ட் வரும் வழியில் 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தாலும் சுமார் 106 மில்லிஆம்பியருக்கு மேல் போகாது. அதன் இரு முனைகளுக்கிடையே 1 வோல்ட் காட்டினால் 21 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள்.

பாகங்கள் காட்டும் வோல்ட்டேஜ்

எரிய வேண்டிய சிவப்பு எல்இடியின் குறுக்கே 1.8 முதல் 2 வோல்ட் வரை இருக்கும், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட்டைச் சுற்றி. முழு 5 வோல்ட்டும் அதன் மேலேயே நின்றால் எல்இடி தலைகீழாக இருக்கிறது, அல்லது உள்ளே அறுந்திருக்கிறது. சுழியம் என்றால் கரண்ட் வந்து சேரவில்லை, அல்லது எல்இடி ஷார்ட்.

சுவிட்சாக வேலை செய்யும் என்பிஎன் டிரான்சிஸ்டர் ஆன் ஆனால், எமிட்டரிலிருந்து பேஸுக்கு 0.6 – 0.7 வோல்ட், கலெக்டருக்கு 0.3-க்குக் கீழே. பேஸில் 1 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் பேஸ்–எமிட்டர் ஜங்ஷன் அறுந்துவிட்டது. பேஸ் 0.7-இல் இருந்தும் கலெக்டர் 2 வோல்ட்டில் தொங்கினால் பேஸ் கரண்ட் போதவில்லை. லோடு கரண்டில் பத்தில் ஒரு பங்கு கொடுங்கள்: 70 மில்லிஆம்பியர் ரிலேக்கு 7 மில்லிஆம்பியர், 5 வோல்ட்டிலிருந்து என்றால் 560 ஓம். கால்களின் வரிசையும் ஏமாற்றும். தட்டையான முகம் நம்மைப் பார்த்திருக்க, பிசி547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர், 2என்3904-க்கு நேரெதிர்.

எல்இடியைச் சிமிட்ட வைக்கும் 555 டைமர் ஐசியை எடுத்துக்கொள்வோம். 9 வோல்ட் சப்ளை, 10கே, 68கே, 10 மைக்ரோஃபாரட் போட்டால் ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை சிமிட்டும். சிமிட்டவில்லை என்றால் கெபாசிட்டரை 100 மைக்ரோஃபாரடாக மாற்றுங்கள். வேகம் பத்தில் ஒன்றாகக் குறைவதால் மீட்டரிலேயே பின்தொடரலாம். 2, 6-ஆம் பின்களில் வோல்ட்டேஜ் 3-க்கும் 6-க்கும் இடையே ஏறி இறங்க வேண்டும். சுழியத்திலேயே கிடந்தால் 4-ஆம் பின் (ரீசெட்) பிளஸுக்குப் போகிறதா பாருங்கள், பிறகு ரெசிஸ்டர்களின் தொடர்பை. 9-க்கு ஏறி நின்றுவிட்டால் 6 அல்லது 7-ஆம் பின் இணையவில்லை. 6-ஐத் தொடாமல் இடையில் தேங்கினால் கெபாசிட்டர் கசிகிறது. தலைகீழாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டை மைனஸைக் குறிக்கும், டான்டலத்தில் பிளஸை.

ரெசிஸ்டரைச் சர்க்யூட்டிலேயே வைத்து அளக்க வேண்டியிருந்தால் பவரை அணைத்து, கெபாசிட்டர்கள் இறங்கிய பிறகு அளக்கவும். எழுதியதைவிடக் குறைவாகக் காட்டினால் பக்கத்தில் வேறு பாதை இருக்கலாம், ஒன்றும் முடிவு கட்ட முடியாது. டாலரன்ஸைத் (எழுதிய மதிப்பிலிருந்து அனுமதித்த விலகலை) தாண்டி அதிகமாகக் காட்டினால் ரெசிஸ்டர் போய்விட்டது.

தொட்டால் ஓடும், விட்டால் நிற்கும்

விரலைப் பக்கத்தில் கொண்டுபோனாலே நிலை மாறுகிறது என்றால் ஏதோ ஒரு இன்புட் பின் எங்கும் இணையாமல் மிதக்கிறது. 10கே வழியாக அதைப் பிளஸுக்கோ கிரவுண்டுக்கோ கட்டுங்கள். ரிலே விழும் நொடியில் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆனால் காயிலின் குறுக்கே 1என்4007 டயோடு இருக்கிறதா, அதன் பட்டை பிளஸ் பக்கம் பார்க்கிறதா என்று சோதியுங்கள். ஒவ்வொரு ஐசிக்கும் பவர், கிரவுண்ட் கால்களை ஒட்டி ஒரு 100 நானோஃபாரட் போடுவது கட்டாயம். பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போட்டால் போட்டும் பயன் குறைவு.

தட்டினால் மாறும் கோளாறை பிளாஸ்டிக் குச்சியால் ஒவ்வொரு காலாக மெல்ல அழுத்தித் தேடுங்கள். பிரெட்போர்டில் தடித்த கால் நுழைந்த துளையின் ஸ்பிரிங் அகன்றுவிடும், அதன்பின் மெல்லிய ரெசிஸ்டர் கால் அதில் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த வரிசையையே விட்டு நகர்ந்துவிடுங்கள். சால்டர் செய்த போர்டு என்றால் மங்கலாக, உருண்டையாக நிற்கும் பற்றுகளைப் பாருங்கள். 63/37 ஈயம் (63% வெள்ளீயம், 37% காரீயம் கலந்த சால்டர்) 183 டிகிரியில் உருகும். முனையை 330 – 350-இல் வைத்து, பேடையும் (போர்டிலுள்ள செப்புத் தடத்தையும்) காலையும் சேர்த்து இரண்டு மூன்று நொடி சூடாக்கி, ஈயத்தை முனையில் அல்லாமல் இணைப்பில் கொடுங்கள். பழைய பற்றைச் சரிசெய்யும்போது சிறிது ஃபிளக்ஸ் (ஈயம் படர உதவும் பசை) தடவாவிட்டால் ஈயம் படராது, மறுபடியும் அதே உருண்டைதான் நிற்கும்.