கொடைக்கானல் குளிரில் பீன்ஸ் வேகவைக்கும்போது

ஊரிலிருந்து வந்த சித்தி, முதல் நாளே ராஜ்மா பீன்ஸைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டார். ஒரு மணி நேரமாகியும் விரலால் நசுக்கினால் நடுவில் மாவுபோல வெள்ளை. அப்படியே குழம்பில் போட்டுவிட்டார். அன்று ராத்திரி வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டது!

குறை சித்தியிடம் இல்லை. இங்கே சுமார் 2,100 மீட்டர் உயரம். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். என்னதான் விறகைத் தள்ளினாலும் அதற்குமேல் சூடேறாது. அரைவேக்காட்டு ராஜ்மாவில் லெக்டின் என்ற புரதம் மிச்சமிருந்தால் வாந்தி, பேதிதான். குக்கரில் சூடு 110 டிகிரியைத் தாண்டுவதால் அது அழிந்துவிடும். மலைக்குக் கீழே ஊரில் வைப்பதைவிட இரண்டு விசில் கூடவே வையுங்கள்.

ராத்திரியே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கண்டிப்பாகக் கொட்டிவிடுங்கள். பீன்ஸில் உள்ள ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைப்பதுதான் வாயு. ஊறிய நீரோடு அதில் கொஞ்சம் போய்விடும்.

மலைப்பூண்டு நாலு பல் தட்டிப்போட்டால் வாயு அடங்கும் என்பார்கள். நான் போடுவது வாசனைக்கு!