ஆடும் துளியிலிருந்து அளவெடுப்பது எப்படி

மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் ஏதாவது பட்டறையில் பத்தர் தங்கம் உருக்கும்போது மூசைக்குள், அதாவது உருக்கும் கிண்ணத்துக்குள், எட்டிப் பாருங்கள். சின்னத் துளி குன்றிமணி மாதிரி திரண்டு நிற்கும், கொஞ்சம் பெரிதானால் தட்டையாகிவிடும். திரட்டுவது பரப்பு இழுவிசை, தட்டையாக்குவது புவியீர்ப்பு. டைட்டானியம் மாதிரி உலோகமென்றால் இன்னொரு தொல்லை, உருகியதும் மூசையோடே வினைபுரிந்துவிடும், அப்புறம் நீங்கள் அளப்பது வேறொரு பொருளை.

அதனால்தான் உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசையையும், பாகுநிலையையும் (ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை) அளக்கும் வேலையை விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொலம்பஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுக்கூடத்துக்கு 2014-இல் மின்காந்த மிதப்பு உலை போய்ச் சேர்ந்தது: மின்சுருளின் காந்தப்புலத்தால் துளியை எதையும் தொடாமல் மிதக்கவைத்து உருக்கும் உலை. தரையிலும் துளியை மிதக்கவைக்கலாம், ஆனால் எடையைத் தாங்கும் அளவு வலுவான புலம் துளியின் வடிவத்தையே கெடுத்து உள்ளேயும் கலக்கிவிடும். மேலே லேசான புலமே போதும்.

சரி, 1 கிராம் நிக்கல் உருண்டை என்று வைத்துக்கொள்வோம். முதலில் நிறையைத் துல்லியமாகக் குறித்துவையுங்கள், கணக்கு முழுக்க அதில்தான் நிற்கிறது. சூடாக்கும்போது பைரோமீட்டரை, அதாவது ஒளிர்வை வைத்துத் தொடாமலே வெப்பநிலை காட்டும் கருவியை, கவனியுங்கள்: உருகும் நேரத்தில் வெப்பநிலை ஏறாமல் நிற்கும், அந்த இடத்தை 1455 டிகிரி செல்சியஸ் என்று சரிசெய்துகொள்ளுங்கள். கலப்புலோகம் ஒரே டிகிரியில் உருகாது, அதனால் அது முழுதாகத் திரவமாகும் வெப்பநிலையைத் தரையிலேயே முன்கூட்டி அளந்திருக்க வேண்டும்.

முழுதும் உருகியபின் சூடாக்கலை நிறுத்தி ஆறவிடுங்கள். ஆறும்போதே சுருளில் ஒரு கணம் மின்துடிப்பு கொடுங்கள். துளி நசுங்கி, விட்டதும் நீண்டு குறுகி ஆடும், அதை அதிவேகக் கேமரா பிடிக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான், தொடாமலே ஒரு ஆட்டத்தில் இரண்டு அளவு கிடைக்கிறது. எத்தனை வேகமாக ஆடுகிறது என்பது பரப்பு இழுவிசை: அதிர்வெண்ணின் (வினாடிக்கு எத்தனை ஆட்டம்) வர்க்கத்தைக் கிலோகிராமில் நிறையால் பெருக்கி, அதை 3π/8 ஆல் பெருக்குங்கள். நம் நிக்கல் துளி வினாடிக்குச் சுமார் 39 முறை ஆடும், மீட்டருக்கு 1.8 நியூட்டன் பக்கம் விடை வரும். எத்தனை சீக்கிரம் அடங்குகிறது என்பது பாகுநிலை: நிறையின் 3 மடங்கை, 20π, ஆரம், அடங்கும் நேரம் மூன்றின் பெருக்கத்தால் வகுங்கள். அடங்கும் நேரம் என்பது ஆட்டத்தின் வீச்சு சுமார் 37 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம், நம் நிக்கல் துளிக்கு அது 3 வினாடி அளவில் இருக்கும். விண்வெளி நிலையத்துக்குப் பதில் பரவளைய விமானத்தில், அதாவது வில்போல ஏறி இறங்கி எடையின்மை தரும் விமானத்தில், செய்தால் எடையின்மை சுமார் 20 வினாடிதான், உருக்குவது முதல் உறைவது வரை அதற்குள் முடித்தாக வேண்டும், அவசரம் புரிகிறதா?

உறைந்த துளி தரைக்குத் திரும்பி வந்ததும் மறுபடி நிறுத்துப் பாருங்கள். மாங்கனீஸ் மாதிரி எளிதில் ஆவியாகும் உலோகம் கலந்திருந்தால் நிறை குறைந்திருக்கும், கலவை விகிதமும் மாறியிருக்கும். கணக்கில் அதையும் சேருங்கள்.