கோர்ட் டென்னிஸ்: முதல் போட்டிக்குப் பெயர் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் டென்னிஸ் 1870களில் இங்கிலாந்தின் புல்வெளிகளில் உருப்பெற்றது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே பிரான்சிலும் இங்கிலாந்திலும் நான்கு சுவர்களுக்குள் ஆடப்பட்டு வந்த மூல ஆட்டம் இன்றும் வழக்கில் இருக்கிறது. அமெரிக்கர்கள் அதைக் கோர்ட் டென்னிஸ் என்கிறார்கள். பிரிட்டனில் அது ரியல் டென்னிஸ். உலகம் முழுவதும் இதற்கான களங்கள் ஏறத்தாழ 50தான். அவையும் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளில் மட்டுமே உள்ளன. ஆனால் பாஸ்டன், பிலடெல்ஃபியா, மெல்பர்ன், கேம்பிரிட்ஜ் என அந்தக் களங்கள் அமைந்துள்ள ஊர்கள் பல, நம்மவர்கள் படிப்புக்கும் வேலைக்கும் ஏராளமாகச் செல்லும் ஊர்கள். பள்ளி நாள்களில் டென்னிஸோ ஸ்குவாஷோ ஆடிப் பழகியவர்கள் இந்த ஆட்டத்தில் ஈடுபாடு கொண்டு, சில மாதங்களிலேயே கிளப்பின் ஹேண்டிகேப் போட்டிக்கு, அதாவது திறமை வேறுபாட்டைச் சமன்செய்து ஆடும் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். அது வரவேற்க வேண்டிய துணிச்சல். பழைய ஆட்டத்தின் பழக்கங்களை அப்படியே கொண்டுவந்து அவர்கள் செய்யும் சில தவறுகளை மட்டும் முன்கூட்டியே தவிர்த்துவிடலாம்.

களத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமார் 110 அடி நீளமும் 39 அடி அகலமும் கொண்ட கூடம். அதன் மூன்று பக்கச் சுவர்களையொட்டி நம் ஊர் வீட்டுத் தாழ்வாரம்போலச் சரிந்த கூரை ஓடுகிறது. வலை ஓரங்களில் 5 அடி உயரமும் நடுவில் 3 அடி உயரமும் இருக்கும். சர்வீஸ் போடுபவருக்குப் பின்னால், பார்வையாளர்கள் அமர்ந்திருக்கும் டெடான் என்ற அகன்ற திறப்பு இருக்கிறது. எதிர்முனையின் மூலையில் கிரில் என்ற சதுரத் திறப்பும், பக்கவாட்டில் கேலரிகள் எனப்படும் திறப்புகளின் வரிசையும் உள்ளன. டெடான், கிரில், எதிர்முனையின் கடைசிக் கேலரி ஆகிய மூன்றில் ஒன்றில் பந்து புகுந்தால், அடித்தவருக்குப் புள்ளி.

புதியவர்கள் செய்யும் தவறுகளிலேயே பெரியது, எல்லாப் பந்தையும் அடிக்கப் பாய்வது. நாம் பழகிய டென்னிஸில் பந்து இரண்டாம் முறை தரையில் பட்டால் புள்ளி போயிற்று. ஆகவே கால்கள் தாமாகவே ஓடிவிடுகின்றன. கோர்ட் டென்னிஸில் பெரும்பாலான இடங்களில் இரண்டாம் துள்ளலோடு புள்ளி முடிவதில்லை. அங்கே ஒரு 'சேஸ்' பதிவாகிறது. நீங்கள் சர்வீஸ் முனையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிராளி அடித்த பந்து உங்களைக் கடந்து, பின்சுவரிலிருந்து மூன்று கஜத் தொலைவில் இரண்டாம் முறை தரையைத் தொடுகிறது. 'சேஸ் மூன்று' என்று, நடுவராக நிற்கும் மார்க்கர் அறிவிப்பார். அந்த நேரத்தில் புள்ளி யாருக்கும் இல்லை. பிறகு இருவரும் முனை மாறியதும் அதே புள்ளிக்கான போராட்டம் மீண்டும் நடக்கும். இப்போது நீங்கள் அடிக்கும் பந்தின் இரண்டாம் துள்ளல், அந்த மூன்று கஜக் கோட்டைவிடப் பின்சுவருக்கு நெருக்கமாக விழ வேண்டும். விழுந்தால் புள்ளி உங்களுக்கு. கோட்டுக்கு முன்னாலேயே விழுந்தால் எதிராளிக்கு. சரியாக அதே இடத்தில் விழுந்தால் யாருக்கும் இல்லை.

இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டால், பந்தை அடிக்காமல் விடுவதும் ஓர் அடிதான் என்பது புரியும். சேஸைக் காத்து நிற்கும்போது, எதிராளியின் பந்து நான்கு கஜத்தில் இரண்டாம் முறை விழப்போகிறது என்று தெரிந்தால், மட்டையைத் தாழ்த்திக்கொண்டு பேசாமல் நின்றாலே போதும், புள்ளி கைக்கு வந்துவிடும். புதியவரோ பாய்ந்து அடித்து, பந்தை வலையில் மாட்டிவிடுகிறார். இன்னொரு பக்கம், சேஸ் எதுவும் நிலுவையில் இல்லாதபோது பின்சுவருக்கு அருகே சாகப்போகும் பந்தைச் சோம்பலாக விட்டுவிடுவதும் தவறுதான். அரைக் கஜத்துக்கும் குறைவான சேஸ் பதிவாகிவிட்டால், அதைப் பிறகு முறியடிக்க ஏறக்குறைய டெடானுக்குள்ளேயே அடித்தாக வேண்டும். எந்தப் பந்தை விடலாம், எதை விடக் கூடாது என்பதைப் பழகுவதற்கு எனக்குத் தெரிந்து ஒரே வழி, மற்றவர்கள் ஆடும்போது டெடானில் அமர்ந்து, ஒவ்வொரு பந்தின் இரண்டாம் துள்ளலையும் மார்க்கர் அறிவிப்பதற்கு முன் மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பதுதான். புதியவர்களின் கண் முதல் துள்ளலிலேயே நின்றுவிடுகிறது. அந்தப் பழக்கம் மாறும்வரை சேஸ் பற்றிய எந்த உத்தியும் பயன் தராது.

சேஸோடு சேர்ந்த இன்னொரு தவறு, முனை மாறும் கணக்கை மறப்பது. இங்கே ஆட்டத்துக்கு ஆட்டம் (கேமுக்குக் கேம்) சர்வீஸ் மாறுவதில்லை. சர்வீஸ் எப்போதும் ஒரே முனையிலிருந்துதான் போடப்படும். இரண்டு சேஸ்கள் சேர்ந்தாலோ, ஒருவர் 40இல் இருக்கும்போது ஒரு சேஸ் நிலுவையில் இருந்தாலோதான் முனை மாறும். சர்வீஸ் முனையில் நிற்பவருக்கு ஆதாயம் மிகுதி என்பதால், எதிர்முனையில் இருப்பவரின் முதல் வேலை சேஸ் போட்டு அந்த முனையைக் கைப்பற்றுவதே. ஸ்கோர் 30-40 என்று இருக்கும்போது எதிர்முனையில் நின்றுகொண்டு ஒவ்வொரு பந்தையும் டெடானை நோக்கி ஓங்கி அடிப்பவர், எளிதாகக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு சேஸை இழக்கிறார். அந்த ஒரு சேஸே அவரைச் சர்வீஸ் முனைக்குக் கொண்டுசென்றிருக்கும். செட்டின் கணக்கும் நாம் பழகியதல்ல: 5-5 ஆனால் அடுத்த ஓர் ஆட்டத்திலேயே செட் முடிந்துவிடும். இரண்டு ஆட்ட வித்தியாசம் வரும் என்று நம்பி நிதானமாக ஆடிக்கொண்டிருப்பவர், செட் கைவிட்டுப் போன பிறகே விழித்துக்கொள்கிறார்.

அடிக்கும் முறையிலும் பழைய பழக்கம் குறுக்கே வரும். மேல்சுழற்சி கொடுத்து அடித்தால் பந்து பின்சுவரில் பட்டு உயரே எழும்பி, எதிராளி நின்று நிதானமாக அடிப்பதற்கு வசதியாக வந்து சேரும். கீழ்நோக்கி வெட்டி அடிக்கப்பட்ட பந்தோ சுவரில் பட்டதும் காலடியிலேயே சரிந்துவிடும். மட்டையே இந்த வெட்டுக்காக அமைந்ததுதான்: மரச் சட்டம், இறுக்கமான நரம்பு, சிறிய தலை, மூலைப் பந்துகளையும் தரையோடு வரும் பந்துகளையும் எடுப்பதற்கு வாகாக அந்தத் தலை ஒரு பக்கம் வளைந்திருக்கும். இதைக் கொண்டு விம்பிள்டன் பாணியில் அடிக்க முயல்பவருக்குத் தோளும் முழங்கையும் வலிப்பதுதான் மிச்சம். வேறு ஆட்டத்திலிருந்து வந்தவரால் முடியாது என்பதல்ல. 1928 முதல் 1954 வரை உலகப் பட்டத்தை யாரிடமும் இழக்காத பியேர் எட்ச்பாஸ்டர், பாஸ்க் நாட்டில் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் பெலோட்டா ஆட்டத்திலிருந்து வந்தவர். வந்த இடத்தில் எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொண்டார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சர்வீஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பந்து தாழ்வாரக் கூரையின் எதிராளி பக்கத்தில் ஒருமுறையேனும் பட்டு, உரிய கட்டத்தில் விழ வேண்டும், அவ்வளவே. ரெயில்ரோடு, ஜிராஃப், பாபில் என்று பல வகை சர்வீஸ்கள் உண்டு. போட்டிக்கு முந்தைய வாரத்தில் எல்லாவற்றையும் முயன்று பார்க்காமல், ஒன்றைப் பத்துக்கு எட்டு முறை சரியாக விழும்படி பழகிக்கொள்பவரே முதல் சுற்றைத் தாண்டுகிறார்.

வெளியூர்ப் போட்டிக்குச் செல்பவர்கள் அடிக்கடி மறப்பது, எந்த இரண்டு களமும் ஒன்றுபோல் இருக்காது என்பதை. அளவில் சிறு வேறுபாடு இருக்கும். கூரையின் சரிவு, தரையின் வேகம், முதன்மைச் சுவரிலிருந்து துருத்தி நிற்கும் டாம்பூரின் கோணம் ஆகிய எல்லாமே இடத்துக்கு இடம் மாறும். பாஸ்டனில் கச்சிதமாக விழும் சர்வீஸ், நியூபோர்ட்டின் 1880இல் கட்டப்பட்ட களத்தில் கட்டத்தைத் தாண்டி ஓடக்கூடும். முந்தைய நாளே சென்றுசேர்ந்து அரை மணி நேரம் கூரையில் பந்தை உருட்டிப் பார்ப்பதற்கு ஈடான தயாரிப்பு வேறில்லை. கிளப்பின் தொழில்முறைப் பயிற்சியாளருக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டால், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு ஏற்பாடு செய்து தருவார்.

அந்தப் பயிற்சியாளரைச் சாதாரண கோச் என்று எண்ணுவதும் ஒரு தவறு, அதுவும் வருத்தத்துக்குரிய தவறு. பாடம் சொல்லித் தருபவரும், மட்டைக்கு நரம்பு கட்டுபவரும், முக்கியமான ஆட்டங்களில் மார்க்கராக நிற்பவரும் அவரே. பந்துகளைச் செய்பவரும் அவர்தான். இந்தப் பந்து கடையில் கிடைக்காது. தக்கையை நடுவில் வைத்து, துணி நாடாவை இறுகச் சுற்றி, அடித்து உருட்டி, நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அதன்மேல் கம்பளித் துணியை ஊசியால் தைத்து மூடுகிறார்கள். துணி தேய்ந்ததும் பிரித்துவிட்டு மறுபடியும் தைப்பார்கள்; உள்ளிருக்கும் உருண்டை பல ஆண்டுகள் உழைக்கும். அவருடைய பட்டறை மேசையருகே சற்று நேரம் நின்று, ஒரு பந்துக்கு எத்தனை தையல் விழுகிறது என்று பார்த்தவர்கள், நினைவுப் பொருளாக ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போக மாட்டார்கள். ஆத்திரத்தில் பந்தைக் கூரை விளக்குகளை நோக்கி அடிக்கவும் மாட்டார்கள். கறை பதிக்கும் காலணியோடு களத்தில் இறங்குவதும் இதே வகைக் குற்றம்தான். சேஸ் கோடுகள் தெளிவாகத் தெரியாத தரையில் ஆட்டமே நடக்காது. பெரும்பாலான கிளப்களில் உடை முழுக்க வெள்ளை. விருந்தினராகச் செல்பவர்கள் இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

டெடானில் அமர்வதற்கும் முறை உண்டு. முன்னால் வலை இருக்கிறதே என்று முகத்தை அதன் அருகில் கொண்டுபோவதும், விரல்களை அதில் கோத்துக்கொள்வதும் ஆபத்து. சாதாரண டென்னிஸ் பந்தைவிடக் கனமான இந்தப் பந்து வேகமாக வந்து மோதும்போது, வலை நன்றாகவே உள்வாங்கும். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பேச்சும் நடமாட்டமும் கூடாது, ஏனெனில் எதிர்முனையில் நிற்பவரின் பார்வை நேராக உங்கள்மேல்தான் இருக்கும்.

ஹேண்டிகேப் விஷயத்தில்தான் கிளப்புக்குள் மனக்கசப்பு எளிதில் வருகிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் எண் உண்டு; எண் குறையக் குறையத் திறமை அதிகம் என்று பொருள். இருவரின் எண்களுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து, பலவீனமானவர் ஒவ்வோர் ஆட்டத்தையும் 15இலிருந்து தொடங்குவார். அல்லது வலுவானவர் பூஜ்ஜியத்துக்குக் கீழேயிருந்து தொடங்குவார். இந்த ஏற்பாட்டால்தான் அறுபது வயதுக்காரரும் இருபது வயது மாணவியும் நெருக்கமான ஓர் ஆட்டத்தை ஆட முடிகிறது. நட்பு ஆட்டங்களின் முடிவும் கணினியில் பதிவாக வேண்டும். அப்போதுதான் எண் உண்மையைக் காட்டும். வென்ற ஆட்டங்களைப் பதியாமல் விட்டுவிடுவது, பயிற்சி ஆட்டத்தில் வேண்டுமென்றே தளர்ந்து ஆடுவது ஆகியவற்றால் கிடைக்கும் கோப்பைக்கு எந்த மதிப்பும் இல்லை. ஒரே களத்தைச் சில பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், யார் எப்படி ஆடுவார் என்பது எல்லாருக்கும் தெரியும். தோற்ற ஆட்டங்களை மறைப்பதும் தவறே. எண் செயற்கையாகக் குறைந்தால், அடுத்த போட்டியில் தாங்க முடியாத எதிராளிக்குப் புள்ளி கொடுத்து ஆட வேண்டி வரும்.

முதல் சுற்றில் தோற்றவுடன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதையும் தவிர்க்க வேண்டும். பல அமெச்சூர் போட்டிகளில் தோற்றவர்களுக்கெனத் தனிச் சுற்று உண்டு. ஆடி முடித்தவர்களே அடுத்த ஆட்டத்துக்கு மார்க்கராக நிற்கும் வழக்கமும் உண்டு. சேஸ் அறிவிக்கத் தெரியாது என்று ஒதுங்கிக்கொள்பவர்கள் பலர். போட்டிக்கு முந்தைய வாரங்களில் நண்பர்களின் ஆட்டங்கள் இரண்டு மூன்றில், அனுபவம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மார்க்கராக நின்று பாருங்கள். எந்தக் கோடு, எந்தக் கேலரி, எந்தச் சேஸ் முதலில் ஆடப்பட வேண்டும் என்பவற்றை உரக்கச் சொல்லிச் சொல்லியே மனத்தில் பதியும். சந்தேகம் வந்தால் ஆட்டக்காரர்கள் இருவரையும் கேளுங்கள். அவர்களும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் புள்ளியை மறுபடி ஆடச் சொல்லலாம்.