மூன்று பெண்கள், ஒரு ஆப்பிள்: பழைய தட்டில் இருப்பது எந்தக் கதை?

பழைய பீங்கான் தட்டோ, வெண்கலக் கடிகாரமோ, ஆடையில்லாமல் மூன்று பெண்கள் நின்றால் உடனே 'த்ரீ கிரேஸஸ்' (கிரேக்கப் புராணத்தில் அழகுக்கும் வசீகரத்துக்கும் உரிய மூன்று தேவியர்) என்று பெயர் எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பெயரை நம்பி நானும் இணைய ஏலத்தில் ஒரு தட்டு வாங்கினேன். கையில் வந்தபிறகுதான் ஓரத்தில் ஒரு நாய் கண்ணில் பட்டது. இந்த மூவருக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்? தேடிப் பார்த்ததில் தெரிந்தது, அது 'பாரிஸின் தீர்ப்பு'.

கதை தெரிந்திருக்கும். சண்டை மூட்டும் தேவி எரிஸ், 'அழகிக்கு' என்று எறிந்த தங்க ஆப்பிள் யாருக்கு என்று கிரேக்க தேவியர் ஹீரா, அதீனா, அஃப்ரோடைட்டி மூவரும் சண்டை போட, ஆடு மேய்க்கும் டிராய் இளவரசன் பாரிஸ் நடுவராகிறான். (ஊர் இல்லை, ஆள் பெயர்.) அந்த நாய் அவனுடையதுதான். விளக்க அட்டைகளில் பெரும்பாலும் ரோமப் பெயர்கள்தான் இருக்கும்: ஜூனோ, மினர்வா, வீனஸ். இந்தக் கதையா, கிரேஸஸா என்று கண்டுபிடிக்க வழி இதோ.

படி 1: ஆண்களைத் தேடுங்கள். மேய்ப்பன் கோலோடு ஒருவன், சிறகு வைத்த தொப்பியோடு தேவர்களின் தூதன் ஹெர்மீஸ். இருவரும் இருந்தால் அது பாரிஸின் தீர்ப்பு, வேலை முடிந்தது.

படி 2: இல்லையென்றால் முகத்தை விட்டுவிட்டுக் காலடியைப் பாருங்கள். மயில் ஹீராவுக்கு, ஆந்தை, தலைக்கவசம், மெடூசா (பாம்புக் கூந்தல் அரக்கி) முகம் பதித்த கேடயம் அதீனாவுக்கு, சிறகு வைத்த சிறுவன் க்யூபிட் அஃப்ரோடைட்டிக்கு. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் ரூபன்ஸ் ஓவியத்தில் இதெல்லாம் பளிச்சென்று தெரியும். பழகுவதற்கு அதுதான் நல்ல பாடம்.

படி 3: நான் சறுக்கிய இடம். 'நடுவில் நிற்பவள் முதுகைக் காட்டினால் கிரேஸஸ்' என்று எங்கோ படித்திருந்தேன். பாதிதான் உண்மை. இத்தாலிய ஓவியர் ரஃபேல் வரைந்ததை வைத்து மார்க்கன்டோனியோ ரைமொண்டி செதுக்கிய 'பாரிஸின் தீர்ப்பு' அச்சுப்படத்திலும் மினர்வா முதுகைக் காட்டித்தான் நிற்கிறாள். கேடயம் தரையில் கிடக்கிறது. இத்தாலிய மயோலிகா (வெள்ளை மெருகின் மேல் வண்ணம் தீட்டிய மண்பாண்டம்) தட்டுகளை வரைந்தவர்களில் பலர் இந்த மாதிரி அச்சுப்படங்களைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். அதனால் முதுகை நம்பாதீர்கள், கையைப் பாருங்கள். கிரேஸஸ் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டு, தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பார்கள். போட்டிக்கு வந்த மூவரும் அப்படியா நிற்பார்கள்?

(அதே அச்சுப்படத்தின் வலது மூலையில் உட்கார்ந்திருக்கும் மூவரின் இருப்பைத்தான் 1863இல் பிரெஞ்சு ஓவியர் மானே 'புல்வெளியில் மதிய உணவு' ஓவியத்துக்கு எடுத்துக்கொண்டார். ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.)

படி 4: ஆப்பிளை எண்ணுங்கள். ஒன்று என்றால் பாரிஸ். ஆளுக்கு ஒன்று என்றால் கிரேஸஸ். பிரான்சின் ஷாந்தியி நகரில் இருக்கும் ரஃபேலின் சின்ன ஓவியத்தில் அப்படித்தான். பக்கத்துக்கு 17 செ.மீ. தான், ஒரு சாண்கூட இல்லை. என் தட்டில் ஆப்பிளே காணோம். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பாரிஸின் விரல்களுக்கிடையே வட்டமாக ஒரு மங்கல் தடம். ஆப்பிளுக்குப் போட்ட தங்கப்பூச்சு தேய்ந்து போயிருந்தது!

கருவி என்றால் நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். ஃபோன் கேமராவில் பெரிதாக்கினால் அது தானாகவே படத்தை மெருகேற்றிவிடும், இந்த மாதிரித் தடமெல்லாம் போய்விடும். படத்தை ஒப்பிட அருங்காட்சியகங்களின் தளத்துக்கே போங்கள். பின்ட்ரெஸ்ட் வேண்டாம், அங்கே பாதிப் படங்களுக்குத் தலைப்பே தப்பு.

பின்சேர்க்கை: ஒரு வாசகர் அனுப்பிய படத்தில் மேய்ப்பனைக் காணோம். முழுக் கவசத்தோடு ஒரு வீரன் மரத்தடியில் சாய்ந்திருக்கிறான், பக்கத்தில் தாடி வைத்த கிழவர். குழம்ப வேண்டாம், அதுவும் பாரிஸ்தான். வேட்டைக்குப் போன இடத்தில் கனவில் தேவியரைக் கண்டான் என்பது இடைக்கால ஐரோப்பாவில் சொன்ன கதை. ஜெர்மானிய ஓவியர் கிரானாக் அதைப் பலமுறை வரைந்திருக்கிறார். ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கிழவர்தான் ஹெர்மீஸ். படி 1இல் 'சிறகுத் தொப்பி' என்று நான் எழுதியதை அதற்கேற்ப கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்.