இடுப்புவலிக்கு வேறு காரின் சீட்

என் சின்ன காரில் சீட்டின் அடிப்பகுதி குட்டை. தொடை பாதி அந்தரத்தில் நிற்கும். திண்டிவனம் தாண்டுவதற்குள் இடுப்பு கடுக்கும். மெத்தை போட்டும் பயனில்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய கார் பாகக் கடைகளில் ஒரு செடானின் முன்சீட்டுகள் கிடைத்தன. இப்போது மதுரை வரை ஒரே மூச்சில் ஓட்டினாலும் வலியில்லை.

வாங்கும்முன் டேப் பிடித்து அளந்துவிடுங்கள்: ரெயில்களின் (சீட் முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தடங்கள்) இடைவெளி, போல்ட் துளைகள், கதவோரம், தலைக்கு மேல் மிஞ்சும் இடம். எனக்குத் துளைகள் பொருந்தவில்லை. காரின் தரையைத் துளைக்க மனமில்லை. அதனால் பழைய சீட்டின் ரெயிலையே கழற்றி, தடித்த இரும்புப் பட்டை வைத்துப் புது சீட்டின் சட்டத்தோடு இணைத்தோம். வெறும் வெல்டிங்கே போதும் என்றார் மெக்கானிக் அண்ணன். நான் சம்மதிக்கவில்லை. சீட் பெல்ட்டின் பூட்டு சீட்டில்தான் மாட்டியிருக்கிறது. மோதினால் ஆளைப் பிடித்து நிறுத்தும் விசையில் பெரும்பங்கு அந்த இணைப்பையும் இழுக்கும். 8.8 என்ற வலுத்தர முத்திரை உள்ள போல்ட்டுகளைத்தான் போட்டோம். பூட்டு மட்டும் என் காருடையதே, பெல்ட்டின் நாக்கு அதில்தான் சரியாக விழும்.

சீட்டுக்கடியில் மஞ்சள் நிற ஒயர் கனெக்டர் தெரிந்தால் கை வைக்காதீர்கள். அது பெரும்பாலும் ஏர்பேக் அல்லது பெல்ட்டை இறுக்கும் வெடிப்பொறிக்கானது. விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம், உட்காரும் உயரம் சற்றுக் கூடியது. கண்ணாடிகளைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.